தெர்மோஸ்டாட் மாற்றியும் முள் ஏறுகிறது: கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஐந்து வருடப் பழைய சின்ன கார், வாரன்ட்டி முடிந்துவிட்டது. டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. ஹைவேயில் போனால் தானாக இறங்கிவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் முதலில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), அப்புறம் வாட்டர் பம்ப் மாற்றினார்கள். 21,400 ரூபாய் கட்டியும் அதே கதைதான். இப்போது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அதன் மேல் பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். வெளி மெக்கானிக் ஒருவரோ ரேடியேட்டர் ஃபேனே சுற்றவில்லை, ஃபேனுக்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலே போயிருக்கிறது என்கிறார். ரிலேயை மாற்றிவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் ரிலேயை இன்றே மாற்றிவிடாதீர்கள். இரண்டு நாள் வண்டி நிற்கட்டும்.

பாகம் மாற்றியும் சரியாகவில்லை என்பது மட்டுமே சேவைக் குறைபாடு ஆகாது. நல்ல மெக்கானிக்கும் சில நேரம் தவறாகக் கணிப்பார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11) கேட்பது வேறு: செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வேண்டிய தரத்தில் செய்தார்களா? செய்யவில்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில்தான். 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லியிருக்கிறது.

உங்கள் துருப்புச்சீட்டு அந்த 'ஹைவேயில் இறங்கிவிடுகிறது' என்ற வரி. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். சிக்னலில் நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் துணை. தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டாலோ பம்ப் தண்ணீர் தள்ளாவிட்டாலோ ஹைவேயிலும் முள் ஏறத்தான் செய்யும். இதைக் கேட்டதும் முதலில் ஃபேனைப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்றும்; பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல் 21,400 ரூபாய் வாங்கினார்கள் என்பதுதான் உங்கள் வழக்கு.

அதனால் ஜாப் கார்டை, அதாவது வண்டியை விட்டபோது சர்வீஸ் சென்டரில் எழுதிய வேலைச் சீட்டை, எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் 'டிராஃபிக்கில் மட்டும் ஹீட்' என்று இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். வழக்கம்போல 'இன்ஜின் ஹீட்' என்று மட்டும் கிறுக்கியிருந்தால், நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைத் தேடுங்கள். ஃபோனை மாற்றிவிடாதீர்கள்.

அடுத்தது வீடியோ. முள் முக்கால் பங்கு ஏறிய நிலையில் ஃபேன் அசையாமல் நிற்பது, பிறகு மெக்கானிக் நேரடியாகக் கரன்ட் கொடுத்ததும் அது சுற்றுவது, இரண்டும் ஒரே காட்சியில் வர வேண்டும். அதன் பிறகு ரிலேயை மாற்றுங்கள். பழையதைக் கவரில் போட்டு வையுங்கள். மெக்கானிக்கிடம் பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டையும் சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலம் கேளுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அது திறக்கிறதென்றால், நன்றாக இருந்த பாகத்தை மாற்றியிருக்கிறார்கள். 'தூக்கிப் போட்டுவிட்டோம்' என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

ஹெட் கேஸ்கெட்டை லேசாக விட்டுவிட வேண்டாம். பல முறை சூடேறிய இன்ஜினில் அது உண்மையாகவே போயிருக்கலாம். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்துச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் அதைச் செய்து முடிவை எழுதி வாங்குங்கள். போயிருந்தால் அந்தச் செலவையும் நஷ்ட ஈட்டில் சேர்க்கலாம்.

மற்றதெல்லாம் எளிது. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ். 1915 உதவி எண்ணிலும் ஒரு புகார். பலிக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். சர்வீஸ் சென்டர் எங்கிருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை (எங்கள் பிழைப்பில் மண் போடும் விதிதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்). கெடு இரண்டு ஆண்டு.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: முள் சிவப்பைத் தொட்ட பிறகும் வண்டியை ஓட்டினீர்களா? எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். நோட்டீஸ் அனுப்பும் முன் அதற்கு உண்மையான பதிலை எனக்கு எழுதி அனுப்புங்கள்.