சர்வேயர் ‘கவனிக்க’ச் சொன்னால்…

கேள்வி: வாங்கிய நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா மாற்றித் தரும்படி மனு கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. “கொஞ்சம் கவனிச்சீங்கன்னா அடுத்த வாரமே அளந்துடலாம்” என்கிறார் சர்வேயர். கொடுக்க மனமில்லை, சண்டை போடத் தெம்புமில்லை. – வாசகர், திண்டிவனம்

பதில்: முதலில் உங்கள் காகிதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் உள்ள சர்வே எண், நான்கெல்லை, விஸ்தீரணம் மூன்றும் பழைய பட்டாவோடும் புலப்படத்தோடும் (நில அளவை வரைபடம்) ஒத்துப்போக வேண்டும். விற்றவரின் அப்பா பெயரிலேயே பட்டா நிற்கிறது என்றால் வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். இப்படி ஒரு குறை இருந்தால் மனுவைத் தள்ள நியாயமான காரணம் அவர் கையில் கிடைத்துவிடும். பல இடங்களில் அந்தக் காரணத்தைத்தான் விலை பேசுகிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். “ஏன் தாமதம்?” என்று மட்டும் கேட்காதீர்கள், ‘காரணம் கேட்பது தகவல் ஆகாது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உங்கள் மனு எண்ணைக் குறிப்பிட்டு, அது எந்தத் தேதியில் எந்தப் பதவியிலிருப்பவரிடம் போனது, எத்தனை நாள் அங்கே இருந்தது என்று கேளுங்கள். கோப்பின் குறிப்புப் பக்கங்களுக்கு நகல் கேளுங்கள். உங்களுக்குப் பிறகு வந்து முடிந்துபோன உட்பிரிவு மனுக்களின் பட்டியலையும் கேளுங்கள். உறைப்பது இந்தக் கடைசிக் கேள்விதான். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவரை போகாமலே கோப்பு நகர்வதும் உண்டு.

கேள்வி: லஞ்ச ஒழிப்புத் துறையில் சொன்னால் பொடி தடவிய நோட்டோடு பிடிப்பார்களாமே, அது கோர்ட்டில் நிற்குமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: பொடி பாதி வேலைதான். நோட்டில் தடவுவது பினாப்தலின். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். அதைப் பாட்டிலில் அடைத்து, சீல் வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அவர் பணத்தைத் தொட்டார் என்பதற்கு அது சாட்சி. கேட்டார் என்பதைத் தனியாக நிரூபித்தாக வேண்டும், வழக்குகள் சரிவது பெரும்பாலும் இங்கேதான். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வும், கேட்டதை நிரூபித்தே ஆக வேண்டும் என்று உறுதி செய்தது. புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்சாட்சி ஆனாலும் (முன்பு சொன்னதை மாற்றிப் பேசினாலும்) மற்ற சாட்சியங்களை வைத்து அதை நிரூபிக்கலாம் என்றும் சொன்னது.

ஆகவே புகாரில் யார், எந்தத் தேதி, எந்த வேலைக்கு, எவ்வளவு என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். “எவ்வளவு வேணும் சார்?” என்று நீங்கள் ஆரம்பிக்கக் கூடாது. வேறு அலுவலகத்து அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சியாக அழைத்து, அவர்கள் முன்னிலையில் நோட்டு எண்களைக் குறிப்பார்கள். அந்தச் சாட்சிகளில் ஒருவர் உங்களோடு வந்து பேச்சைக் கேட்பார். லஞ்சம் வாங்குபவர் பணத்தைக் கேட்கும்வரை சட்டைப்பையில் கை வைக்காதீர்கள். கைகுலுக்கவும் வேண்டாம், வணக்கம் போதும். குலுக்கினால் ‘பொடி அப்படித்தான் ஒட்டியது’ என்று வாதம் வரும். “டீக்கடையில் கொடுத்துடுங்க” என்று கைகாட்டினால், “நீங்க கேட்ட 5,000-ஐ அங்கேயா சார் கொடுக்கணும்?” என்று சாட்சி காதில் விழக் கேளுங்கள். புகாருக்கு மாவட்டப் பிரிவை அணுகலாம், 1064-க்கும் பேசலாம்.

கேள்வி: ஏற்கெனவே 2,000 கொடுத்துத் தொலைத்துவிட்டேன். இப்போது புகார் செய்தால் நானும் மாட்டுவேனா? – வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: கொடுத்து எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல் துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்தால் குற்றமில்லை. எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். கூகுள் பே-யில் அனுப்பியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அவர்கள் ஏற்பாட்டில் கொடுப்பதும் குற்றமாகாது. வரிசையைத் தாண்டுவதற்காக நீங்களாகவே நீட்டிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.