கண் எதிரே கிளம்பிப் போகும் இரண்டாவது பஸ்

கேள்வி: எங்கள் கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். நாங்கள் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே இரண்டாவது பஸ் வெளியே போய்க்கொண்டிருக்கும். அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். டிக்கெட்டும் இரண்டு தடவை எடுக்க வேண்டும். கேட்டால் நஷ்டத்தில் ஓட்டுகிறோம் என்கிறார்கள். இதற்கு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது, அதுவும் பெரிய செலவில்லாமல். நஷ்டம் என்று அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. பஸ் ஓட்டும் செலவில் பெரும்பங்கு ஊழியர் சம்பளம், ஐம்பது பேர் ஏறினாலும் ஐந்து பேர் ஏறினாலும் அது குறையாது. காலையில் பள்ளி நேரத்தில் படிக்கட்டு வரை கூட்டம், பதினோரு மணிக்கு அதே வண்டி காலியாக வரும். உடனே கட்டணத்தை ஏற்றுகிறார்கள், ஆள் குறைகிறது, ஒரு டிரிப்பை வெட்டுகிறார்கள், காத்திருக்க முடியாமல் இன்னும் நாலு பேர் பைக் வாங்கிவிடுகிறார்கள். ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் 1972-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: பயணி காத்திருக்கும் நேரமும் ஒரு செலவுதான், ஆள் கூடினால் பஸ் கூடும், பஸ் கூடினால் காத்திருப்பு குறையும். கிராமங்களில் அந்தச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிறது.

சரி, உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு வருவோம். அந்த இரண்டு பஸ்ஸும் ஏற்கெனவே ஓடுகின்றன. டீசல் போட்டாயிற்று, சம்பளம் கொடுத்தாயிற்று, இரண்டையும் சந்திக்க வைக்கத்தான் ஆளில்லை. ஒன்றைப் பத்து நிமிடம் தள்ளிவிட்டால் மறுமுனையில் வேறொரு இணைப்பு அறுந்துபோகும் என்பார்கள், அது நியாயமான பேச்சுதான், அதனால்தான் ரூட் ரூட்டாக ஒட்டுப்போடாமல் சந்திக்கும் ஊரை முதலில் வைத்து டைமிங் எழுத வேண்டும். சுவிட்சர்லாந்தில் 1982-இல் நாடு முழுக்க ரயில்களை ஒரே சீரான இடைவெளியில் ஓட்ட ஆரம்பித்தார்கள், 1987-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அதை இன்னும் விரிவாக்கினார்கள். முக்கியமான சந்திப்புகளில் ரயில்கள் சேர்ந்தாற்போல வந்து சில நிமிடங்களில் கிளம்பும், தபால் நிறுவனம் நடத்தும், மலைக்கிராமத்துக்குப் போகும் மஞ்சள் பஸ் அந்த நேரத்துக்கு வெளியே நிற்கும். பிரிட்டன் போனது நேர் எதிர்த் திசையில். 1986 அக்டோபரில், லண்டன் நீங்கலாக, பெரும்பாலான பகுதிகளில் யார் எந்த ரூட்டில் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று திறந்துவிட்டார்கள். லாபமுள்ள ரூட்டில் போட்டிக் கம்பெனிகளின் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, லாபமில்லாத உள்ளூர்ப் பாதைகள் பலவும் உள்ளாட்சி மன்றங்களின் மானியத்தை நம்பி நின்றன, மானியம் குறைந்த இடங்களில் பஸ்ஸும் நின்றது.

நீங்கள் செய்யக்கூடியது: ஒரு வாரம் முதல் பஸ் வந்த நேரத்தையும் இரண்டாவது கிளம்பிய நேரத்தையும் குறித்து வையுங்கள். ‘சர்வீஸ் சரியில்லை’ என்ற மனுவைவிட ‘ஏழில் ஐந்து நாள் மூன்று நிமிடத்தில் விட்டோம்’ என்ற தாளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: பஸ்ஸை இலவசமாக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: பணமில்லாமல் வீட்டிலேயே இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி, வேண்டாமென்று சொல்ல மாட்டேன். லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்க இலவசமாக்கியது. ஆனால் வராத பஸ்ஸுக்கு டிக்கெட் இலவசமாக இருந்து என்ன பயன்? என்னைக் கேட்டால் முதலில் முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் வேண்டும், அப்புறம் இணைப்பு பஸ் வந்து சேரும் வரை கடைசி பஸ் கிளம்பக் கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும்.