விலை உயர்ந்த வயர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஸ்பீக்கர் ஜோடி (கீழ் ஸ்தாயிக்கு, அதாவது பாஸுக்கு ஊஃபர், மேல் ஸ்தாயிக்கு ட்வீட்டர், 8 ஓம்) வாங்கி இருபது வருஷமாகிறது. ஹால் ஷோகேஸுக்குள் வைத்திருக்கிறோம். பாஸ் குமுறுகிறது, வயலினும் ஜால்ராவும் மங்கிக் கேட்கின்றன. விலை உயர்ந்த வயர் போட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் மூன்று மீட்டர் என்றால், போகவர ஆறு மீட்டர். 1.5 சதுர மி.மீ. செப்பு வயரில் அதற்கு வரும் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.07 ஓம். 8 ஓமுக்கு முன்னால் அது ஒரு சதவீதம்கூட இல்லை. காதுக்குத் தெரியவே தெரியாது.

மங்கலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டரைத்தான். கீழ் ஸ்தாயி ஒலியைத் தடுத்து மேல் ஸ்தாயியை மட்டும் விடுவதற்காக, ட்வீட்டருக்குப் போகும் வழியில் பெரும்பாலும் நான்-போலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைப் போட்டிருப்பார்கள். நாளாக நாளாக உள்ளே ஈரம் வற்றி அதன் மதிப்பு குறையும், உள் ரெசிஸ்டன்ஸ் கூடும். ட்வீட்டருக்குப் போகவேண்டிய ஒலி வழியிலேயே தேய்ந்துவிடும். பழைய கெபாசிட்டரின் மேல் 4.7 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் அதே மதிப்பில், 100 வோல்ட் அல்லது அதற்கு மேல், பாலிப்ராப்பிலீன் ஃபிலிம் கெபாசிட்டராக வாங்கி இரண்டு பெட்டியிலும் மாற்றுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் இடமும் வலமும் ஒத்துப்போகாது. ‘இன்னும் பெரிசாப் போடுங்க’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மதிப்பு கூடினால் கீழ் ஸ்தாயி ஒலியும் ட்வீட்டருக்குள் புகுந்து அதன் காயிலை (கம்பிச் சுருளை) கருக்கிவிடும். மாற்றியபின் ஓசை காதைக் குத்தினால் 1 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ட்வீட்டருக்குத் தொடராகச் சேருங்கள், அடங்கும்.

பெட்டியைத் திறந்த கையோடு ஊஃபரின் விளிம்பில் மெல்லிய ஃபோம் டேப் ஒட்டி ஸ்குரூவை இறுக்குங்கள். காற்று கசிகிறதா என்று பார்க்க, பாஸ் அதிகமுள்ள பாட்டை ஓடவிட்டு, மூட்டுகளை ஒட்டி ஊதுபத்தியைக் காட்டினால் போதும். கசியும் இடத்தில் புகை சிலுப்பும். துணிக்குப் பக்கத்தில் மட்டும் நெருப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

வயரை மறுபடி மாட்டுமுன் 1.5 வோல்ட் பேட்டரியால் ஒரு சோதனை. பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுத்தால் ஊஃபர் கூம்பு வெளியே தள்ளவேண்டும். இரண்டு பெட்டியிலும் அது ஒரே திசையில் நகரவேண்டும். ஒன்று தலைகீழாக இருந்தால் பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும்.

குமுறலுக்குக் காரணம் ஷோகேஸ்தான் என்று நினைக்கிறேன். சுவரும் தட்டும் மூலையும் நெருங்க நெருங்க பாஸ் வீங்கும். தனி ஸ்டாண்டில் வைத்து, சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு வரும்படி அமையுங்கள். இடமே இல்லை என்றால் பெட்டியின் முகத்தைத் தட்டின் விளிம்புவரை முன்னே இழுத்து, அடியில் ரப்பர் துண்டுகள் வையுங்கள். காற்றுத் துளை பின்பக்கம் இருந்தால் அதில் ஸ்பாஞ்சைத் தளர்வாகச் சொருகிக் கேளுங்கள்.

கேள்வி: ஊஃபர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஃபெவிகுவிக் வைத்து ஒட்டலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டவே வேண்டாம், விளிம்பு விறைத்துப் போகும். அதே அளவில் ரப்பர் அல்லது ஃபோம் வளையம் வாங்கி, காய்ந்தபின்னும் வளையக்கூடிய பசையால் ஒட்டுங்கள். பசை இறுகுமுன் கூம்பை இரண்டு கை விரல்களாலும் ஒரே சீராக அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் கொஞ்சம் நகர்த்தி நடுவில் நிறுத்துங்கள்.