கிளவுடுக்கு மெட்ரிக் அனுப்புகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சர்வீஸின் மெட்ரிக்குகளை (கோரிக்கை எண்ணிக்கை, தாமதம் போன்ற அளவீடுகளை) ஓப்பன்டெலிமெட்ரி என்ற திறந்த மூலக் கருவித்தொகுப்பு வழியாக கூகுள் கிளவுட் மானிட்டரிங்குக்கு அனுப்புகிறோம். ஒரு பாட் (குபர்நெட்டீஸில் ஓடும் சர்வீஸின் ஒரு பிரதி) ஓடியவரை சிக்கல் இல்லை. மூன்றாக்கியதும், 'அனுமதித்த வேகத்தைவிட அடிக்கடி புள்ளிகள் எழுதப்படுகின்றன' என்ற பிழை லாகில் குவிகிறது. கிராஃபும் ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது. அனுப்பும் இடைவெளியைக் கூட்டினால் தீருமா?

பதில்: தீராது. உங்கள் மூன்று பாட்களும் ஒரே தொடரில் (நேர வரிசையில் சேரும் புள்ளிகளின் வரிசையில்) எழுதுகின்றன. மெட்ரிக் பெயர், லேபிள்கள், ரிசோர்ஸ் விவரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு தொடரின் அடையாளம். இவை மூன்று பாட்களிலும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், அனுப்புவது யார் என்று மானிட்டரிங் பக்கத்துக்குத் தெரிய வழியில்லை. கூகுள் ஒரே தொடரில் 5 வினாடிக்கு ஒரு புள்ளிக்கு மேல் ஏற்காது. நீங்கள் 60 வினாடிக்கு ஒருமுறைதான் அனுப்பினாலும், இரண்டு பாட்கள் அந்த 5 வினாடிக்குள் அடுத்தடுத்து எழுதினால் ஒன்று தள்ளப்படும். தள்ளப்படாமல் உள்ளே போனவை இன்னும் மோசம்: முதல் பாட்டின் கவுண்டர் (ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கை) 12,400, அடுத்ததன் கவுண்டர் 310 என்றால், மதிப்பு விழுந்ததுபோலத் தெரியும். ரம்பப் பல் அங்கிருந்துதான் வருகிறது.

ஒவ்வொரு பாட்டுக்கும் தனி 'சர்வீஸ் இன்ஸ்டன்ஸ் ஐடி' கொடுங்கள். பாட்டுக்கு அதன் சொந்த விவரங்களைத் தரும் குபர்நெட்டீஸின் டவுன்வர்ட் ஏபிஐ மூலம் பாட் பெயரை என்விரான்மென்ட் வேரியபிளாக எடுத்து, ரிசோர்ஸ் ஆட்ரிபியூட்டில் வைத்தால் போதும். குனிகார்ன் என்ற பைதான் வெப் சர்வர் போல ஒரே பாட்டுக்குள் பல வொர்க்கர்கள் இருந்தால் பாட் பெயர் மட்டும் போதாது. பிராசஸ் எண்ணையும் ஒட்டுங்கள். எக்ஸ்போர்ட்டரை (மெட்ரிக்கை வெளியே அனுப்பும் பகுதியை) ஃபோர்க் நடந்த பிறகு, அதாவது வொர்க்கர்கள் தனி பிராசஸ்களாகப் பிரிந்த பிறகு, ஒவ்வொரு வொர்க்கருக்குள்ளும் தனித்தனியாகத் தொடங்குங்கள்.

சரிபார்க்க, மெட்ரிக்ஸ் எக்ஸ்ப்ளோரரில் அக்ரிகேஷனை (தொடர்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவதை) எடுத்துவிட்டுப் பாருங்கள்: மூன்று பாட்டுக்கு மூன்று கோடுகள் வர வேண்டும். வந்தும் பிழை நீடித்தால் கலெக்டரை (மெட்ரிக்குகளைத் திரட்டி அனுப்பும் இடைநிலை நிரலை) கவனியுங்கள். கலெக்டர் ஒவ்வொரு நோடிலும் (பாட்கள் ஓடும் கணினியிலும்) ஓடி, ஒவ்வொன்றும் எல்லாப் பாட்களையும் ஸ்க்ரேப் செய்தாலும் (மெட்ரிக்கை இழுத்தாலும்) இதே பிழைதான் வரும். அந்தந்த நோடின் பாட்களை மட்டும் எடுக்கும்படி ஸ்க்ரேப் கான்ஃபிக்கில் வடிகட்டுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் ஐடியை லேபிளாகச் சேர்த்தோம். பில் எகிறிவிட்டது. கலெக்டரில் அந்த ஆட்ரிபியூட்டை அழித்துவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு அழிக்காதீர்கள். முதலில் கணக்கு: 20 ரூட் (யூஆர்எல் பாதை), 5 ஸ்டேட்டஸ் கோட், 3 பாட் என்றால் 300 சேர்க்கைகள். புரோமீதியஸ் முறை ஹிஸ்டோகிராமில் (மதிப்புகளை வரம்பு வாரியாக எண்ணும் முறையில்) 11 பக்கெட், அதாவது 11 வரம்புகள், வைத்தால், முடிவிலி பக்கெட், கூட்டுத்தொகை, எண்ணிக்கை எல்லாம் சேர்ந்து சேர்க்கைக்கு 14 தொடர், அதாவது 4,200. இதில் 1,000 வாடிக்கையாளர்கள் நுழைந்தால் 42 லட்சம் வரை போகும். லேபிள்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன.

கலெக்டரில் ஆட்ரிபியூட்டை வெறுமனே அழித்தால், இதுவரை தனித்தனியாக இருந்த ஆயிரம் புள்ளிகளும் ஒரே அடையாளத்தோடு நிற்கும். முதல் கேள்வியின் பிழை அப்படியே உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். மதிப்புகளைக் கூட்டிச் சேர்க்கும் வழிதான் தேவை. எஸ்டிகேயில் (உங்கள் நிரலுக்குள் இருக்கும் ஓப்பன்டெலிமெட்ரி லைப்ரரியில்) 'வியூ' என்ற விதி எழுதி, வேண்டிய லேபிள்களை மட்டும் அனுமதியுங்கள். மிச்சத்தை அதுவே கூட்டிவிடும். வாடிக்கையாளர் ஐடிக்கு உரிய இடம் லாகும், ஒரு கோரிக்கையின் பயணத்தைப் பதியும் டிரேஸும்தான். ரூட் லேபிளிலும் ஆர்டர் எண் கலந்த முழு யூஆர்எல்லைப் போடாமல், ரூட்டின் பொது வடிவத்தைப் போடுங்கள்.

கேள்வி: 20 வினாடியில் முடியும் பேட்ச் ஜாப்பிலிருந்து மெட்ரிக்கே வருவதில்லை. ஏன்?

பதில்: எஸ்டிகேயின் இயல்பான அனுப்பும் இடைவெளி 60 வினாடி. அது வருவதற்குள் உங்கள் ஜாப் முடிந்துவிடுகிறது. வெளியேறும் முன் மீட்டர் புரொவைடரின் (எஸ்டிகேயில் மெட்ரிக்குகளை நிர்வகிக்கும் பகுதியின்) ஷட்டவுனை அழையுங்கள், மீதியை அனுப்பிவிட்டு மூடும். பிழையில் முடிந்தாலும் அது ஓடும்படி ஃபைனலி பிளாக்கில் வையுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு பாட்டும் தன் பி95 மதிப்பை (95 சதவீதக் கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரத்தை) கணக்கிட்டு அனுப்புகிறது. டேஷ்போர்டில் சராசரி எடுத்துக் காட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. ஒரு பாட் 9,000 கோரிக்கைகளைக் கையாண்டு பி95 ஆக 80 மில்லிசெகண்ட் சொல்கிறது. புதிதாக எழுந்த இன்னொன்று 100 கோரிக்கைகளுக்கு 2,000 சொல்கிறது. சராசரி 1,040. உண்மையான பி95 80ஐ ஒட்டியேதான் இருக்கும், ஏனென்றால் அந்த நூறும் மொத்தத்தில் 1 சதவீதம் சொச்சம்தான். நள்ளிரவில் அலர்ட் அடித்து ஒருவரை வீணாக எழுப்பும் எண் இது. பாட்டில் கணக்கிடாமல் ஹிஸ்டோகிராமாக அனுப்புங்கள். எல்லாப் பாட்களிலும் பக்கெட் எல்லைகள் ஒன்றாக இருக்கட்டும். பக்கெட்டுகளைக் கூட்டிய பிறகே பி95 எடுங்கள். எச்சரிக்கை எல்லை 300 மில்லிசெகண்ட் என்றால், 300 ஒரு பக்கெட் எல்லையாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரு எல்லைகளுக்கு நடுவே குத்துமதிப்பான எண்ணே கிடைக்கும்.