உப்பு தண்ணீரில் கரைவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா?

பையன் கேட்கிறான், பதில் சொல்லத் தெரியவில்லை என்று போட்டிருக்கிறீர்கள். இயற்பியல் மாற்றம் என்று எழுதச் சொல்லுங்கள், மார்க் வந்துவிடும். தண்ணீரை வற்ற விட்டால் அதே உப்பு அடியில் தங்கும், வேறு பொருள் எதுவும் உண்டாகவில்லை. (உப்பு அயனிகளாக, அதாவது மின்னேற்றமுள்ள துகள்களாக, பிரிகிறதே என்று சண்டைக்கு வரப்போகும் கெமிஸ்ட்ரிக்காரர்களே, அந்த விவாதம் எனக்கும் தெரியும், பள்ளிக்கூடப் பரீட்சைக்கு இதுதான் விடை.)

நானும் இதை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியவன்தான். புரிந்தது 2015 டிசம்பரில், வேளச்சேரி வாடகை வீட்டின் பாத்ரூமில்.

வெள்ளம் வடிந்து தரை முழுக்கச் சேறு. தெருவில் கொடுத்த பிளீச்சிங் பவுடரைக் கை நிறைய அள்ளித் தூவினேன். ஏற்கெனவே போர் தண்ணீர் புண்ணியத்தில் தரையில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சரி, கையோடு அதையும் எடுத்துவிடலாம் என்று சைக்கிளில் பினாயிலோடு விற்கிற ஆசிட்டை எடுத்து ஊற்றினேன். கார்பனேட்மேல் ஆசிட் பட்டால் நுரைக்கும், வருவது கார்பன் டை ஆக்சைடு, அது வழக்கம்தான். கீழே பிளீச்சிங் பவுடர் கிடந்ததுதான் வினை. பிளீச்சிங் பவுடரோடு அந்த ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், மேலே போகாமல் தரையோடு தவழும். நான் குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன், கதவையும் சாத்தியிருந்தேன். தொண்டையில் மிளகாய்த் தூளை அடைத்த மாதிரி இருந்தது, வெளியே எப்படி வந்தேன் என்றே தெரியாது. மாடி வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ரெண்டையும் கலந்தீங்களா?"

படித்தவன் இப்படிச் செய்வானா என்று கேட்பீர்கள். செய்தேன். பாக்கெட்டில் இருக்கும்போது பிளீச்சிங் பவுடரின் நிறம், எடை எல்லாம் தெரியும், அவை இயற்பியல் பண்புகள். ஆசிட் பட்டால் குளோரினை விடும் என்பது வேதியியல் பண்பு, அந்தப் பொருள் வேறொன்றாக மாறினால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

இதே குளோரின்தான் உங்கள் சமையலறை உப்பிலும் இருக்கிறது, தண்ணீர் பட்டால் சீறுகிற சோடியத்தோடு சேர்ந்து. சேர்ந்த பிறகு இரண்டின் குணமும் போய்விட்டது. கரைப்பதால் அவை திரும்பி வருவதில்லை, வந்தால் ரசம் வைக்க முடியாது. பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், காலி செய்தபோது ஹவுஸ் ஓனர் பத்து மாச அட்வான்ஸில் பிடித்தார் பாருங்கள். மொசைக் தரை மங்கியதற்குப் பிடித்ததை ஒத்துக்கொள்கிறேன், அதிலுள்ள சலவைக்கல் சில்லும் கால்சியம் கார்பனேட்தான், ஆசிட் தின்றிருக்கும். வெள்ளம் ஊறிய சுவருக்குப் பெயின்ட் காசு என் தலையிலா? ஏரியை நானா திறந்துவிட்டேன்?

பையன் செய்து பார்க்க ஆசைப்பட்டால் முட்டை ஓட்டை வினிகரில் போடச் சொல்லுங்கள். அதுவும் கார்பனேட்தான், மெதுவாகக் குமிழ் விடும். ஆசிட் பாட்டிலை மட்டும் பரண்மேல் வையுங்கள்.