பறக்கும் தட்டு, ஜாம்பி: பழைய மலிவுத் திகில் படங்கள் ஏன் இன்னும் பிடிக்கின்றன?

இந்த மாதிரிப் படங்களைக் 'கேம்ப்' என்பார்கள்: மிகை நடிப்பும் மலிவான செட்டுமாக, பயமுறுத்தப் போய்ச் சிரிக்க வைப்பவை. 1957இல் முதலில் திரையிடப்பட்ட 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் வேற்றுக்கிரகத்தார் பிணங்களை எழுப்புவார்கள். பறக்கும் தட்டைக் கட்டிய நூலே கண்ணில் படும். டிராகுலா வேடத்தால் புகழ்பெற்ற நடிகர் பேலா லுகோசி இறந்துவிட்டதால், அவருடைய மீதிக் காட்சிகளில் வேறொருவர் அங்கியால் முகத்தை மறைத்தபடி நடித்தார். (உயரம்கூடப் பொருந்தாது!)

பயம் போலி என்று தெரிந்ததும் இறுக்கம் போய், செய்தவர்களின் உழைப்பு தெரிய ஆரம்பிக்கிறது. நாகர்கோவில் பக்கம் டிசம்பர் இரவுகளில் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா வீடு வீடாக வருவார். சின்ன வயதில் அலறி ஓடுவோம். அப்புறம் ஒரு வருஷம், அங்கிக்குக் கீழே பக்கத்து வீட்டு அண்ணனின் செருப்பு! அதற்குப் பிறகுதான் அவருக்காகக் காத்திருக்கவே தொடங்கினோம்.

மட்டமாக எடுத்தாலே இந்த அழகு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே அப்படி எடுத்தால் பெரும்பாலும் வராது.