ஸ்கேன் அறையில் ஒலி என்ன செய்கிறது? – வாசகர் கேள்வி பதில்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பற்றி சேலம், ஏற்காடு, ஆத்தூர் பக்கமிருந்து வந்த கேள்விகளில் படம் எப்படி உண்டாகிறது என்பது தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில். நோய், மருந்து பற்றிக் கேட்டவர்கள் தயவுசெய்து உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். ஆனால் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். காலையில் போன என்னை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் கூப்பிட்டார்கள். அதுவரை பாத்ரூம் போகக்கூடாதாம். எதற்கு இந்தப் பாடு? – வாசகி, அம்மாபேட்டை

பதில்: பாடு உண்மைதான். ஆனால் காரணம் தெரிந்தால் அடுத்த முறை கோபம் வராது. ஏற்காட்டில் ஒரு பாறை விளிம்பில் நின்று கத்துகிறீர்கள், எதிர்ப் பாறை 170 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் ஒரு வினாடியில் உங்கள் குரல் திரும்பி வரும், ஏனென்றால் காற்றில் ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். ஸ்கேன் மெஷினும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. உடம்புக்குள் ஒலியின் வேகம் வினாடிக்கு 1540 மீட்டர் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பிவர 13 மைக்ரோவினாடி (ஒரு மைக்ரோவினாடி என்பது வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆகும். 15 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்பவே ஒரு வினாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் நிற்கிற படமாக இல்லாமல் அசைகிற படமாகவே திரையில் ஓடுகிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம். கர்ப்பப்பைக்கும் அடிவயிற்றுத் தோலுக்கும் நடுவில் குடல் கிடக்கிறது, குடலுக்குள் கேஸ் இருக்கிறது. காற்று எதிர்ப்பட்டால் ஒலி கிட்டத்தட்ட மொத்தமாகத் திரும்பிவிடும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியவே தெரியாது. சிறுநீர்ப்பை நிறைந்தால் இரண்டு வேலை நடக்கிறது: குடலை மேலே ஒதுக்கித் தள்ளுகிறது, ஒலி தடையில்லாமல் உள்ளே போக வழியும் விடுகிறது, ஏனென்றால் திரவத்தில் ஒலி அதிகம் தேய்வதில்லை. வெறும் வயிறு கேட்பது பித்தப்பைக்காக. சாப்பிட்டால், அதுவும் எண்ணெய் சேர்ந்த சாப்பாடு என்றால், பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியே விட்டுவிடும். சுருங்கிய பையில் கல்லைத் தேடுவது கஷ்டம். உங்களைக் காக்க வைத்ததற்கு மட்டும் இயற்பியலில் காரணம் இல்லை, அது அவர்கள் சரிசெய்ய வேண்டியது.

கேள்வி: அந்தப் பிசுபிசுப்பான ஜெல் மருந்தா? – கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: மருந்து இல்லை. ப்ரோபுக்கும் (உடம்பின் மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவி) தோலுக்கும் நடுவில் மெல்லிசாகக் காற்று இருந்தாலும் ஒலியில் 99.9 சதவீதம் அங்கேயே திரும்பிவிடும். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் ஜெல். துடைத்துவிட்டுப் போகலாம்.

கேள்வி: என் தம்பிக்கு விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. ஸ்கேனில் கிட்னிக் கல் இல்லை என்றார்கள், ரிப்போர்ட்டில் 'குடல் கேஸ் மறைக்கிறது' என்று ஒரு வரி. மறுநாள் சிடி எடுத்தால் கல் இருக்கிறது! முதலில் எடுத்த மெஷின் மட்டமானதா, பார்த்தவர் சரியில்லையா? – ஓமலூர் வாசகர்

பதில்: இரண்டும் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். எதிரொலி எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் ஒலிக்கு ஒரு எதிர்ப்பு காட்டுகிறது. அந்தப் பொருளின் அடர்த்தியை அதில் ஒலி போகும் வேகத்தால் பெருக்கினால் அந்த எதிர்ப்பு வரும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருள்களுக்கு இது எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அவ்வளவு ஒலி அந்த எல்லையில் திரும்பும். கல்லீரலும் கிட்னியும் ஒட்டுகிற இடத்தில் நூற்றில் ஒரு பங்குகூடத் திரும்பாது, மீதி உள்ளே போகும், அதனால் அடுத்தடுத்த அடுக்கும் தெரிகிறது. இந்தக் கொஞ்சூண்டு திரும்பலில்தான் முழுப் படமும் உருவாகிறது.

கல் விஷயம் வேறு. பித்தப்பையில் கல் இருந்தால் திரையில் பாருங்கள்: பித்தநீர் கறுப்பாக, அதன் அடியில் கல்லின் மேல்விளிம்பு பளிச்சென்று வெள்ளையாக, அந்த வெள்ளைக்குக் கீழே வால் போல ஒரு கறுப்புப் பட்டை. கல் ஒலியைத் திருப்பியும் உறிஞ்சியும் விடுவதால் பின்னால் எதுவும் போகவில்லை, அந்த நிழல்தான் கறுப்புப் பட்டை. உள்ளே கல்லா, சதை வளர்ச்சியா என்று சந்தேகம் வந்தால் "இடது பக்கம் திரும்பிப் படுங்க" என்பார்கள். கல் உருளும், சதை ஒட்டிய இடத்திலேயே நிற்கும். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பதும் சும்மா இல்லை, விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கல்லீரலும் பித்தப்பையும் அப்போது கீழே இறங்கி வரும். நீர்க்கட்டி என்றால் நிழலுக்கு நேர்மாறு. அதற்குப் பின்னால் இருக்கும் பகுதி வழக்கத்தைவிட வெளிச்சமாகத் தெரியும்.

உங்கள் தம்பிக்கு வருவோம். கிட்னிக்குள் இருக்கும் கல், பெரிதாக இருந்தால், பெரும்பாலும் ஸ்கேனில் தெரிந்துவிடும். ஆனால் கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் நடுப்பகுதி குடலுக்குப் பின்னால் ஓடுகிறது. அங்கே கல் மாட்டியிருந்தால் குடல் கேஸ் மறைத்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினாக இருந்தாலும் காற்றுக்குப் பின்னால் பார்க்க முடியாது. சிடி வேலை செய்வது எக்ஸ்ரேயில், அதற்குக் கேஸ் ஒரு தடையே இல்லை. 'கேஸ் மறைக்கிறது' என்று எழுதியவர் நேர்மையாக எழுதியிருக்கிறார். 'பார்த்தேன், கல் இல்லை' என்பதும் 'அந்த இடம் தெரியவில்லை' என்பதும் ஒன்றல்ல. ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போகாமல் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். குழாயில் அடைப்பு இருந்தால் பெரும்பாலும் மேலே கிட்னி வீங்கியிருக்கும், அது ஸ்கேனில் தெரியும், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: வயிற்றுக்கு வளைந்த ப்ரோப், தைராய்டுக்கு நேரான சின்ன ப்ரோப். ஏன்? – ஆத்தூர் வாசகி

பதில்: ப்ரோபுக்குள் இருப்பது அழுத்த மின் பொருள். மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்வு வந்து மோதினால் மின்சாரம் தரும். இந்தக் குணத்தை 1880–81-ல் கியூரி சகோதரர்கள் படிகங்களில் கண்டார்கள். பேசுவதும் கேட்பதும் அதே துண்டுதான். அதிர்வெண் (வினாடிக்கு எத்தனை அதிர்வு) கூடினால் அலை குட்டையாகும், நுணுக்கமாகத் தெரியும். ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு (வினாடிக்குப் பத்து லட்சம் அதிர்வு) ஒரு சென்டிமீட்டரில் ஏறக்குறைய அரை டெசிபல் போய்விடுகிறது. பத்து டெசிபல் போனால் ஒலி பத்தில் ஒரு பங்காகிவிடும் என்று கணக்கு. 5 மெகாஹெர்ட்ஸில் 10 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்பினால் 50 டெசிபல், அதாவது அனுப்பியதில் லட்சத்தில் ஒரு பங்குதான் தேய்மானம் போக மிஞ்சும். அதனால் ஆழமான வயிற்றுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம், தோலுக்கடியிலேயே இருக்கும் தைராய்டுக்கு 10-க்கு மேல். மெஷினில் வரிசையாகத் தள்ளுகிற பட்டன்களைப் பார்த்திருப்பீர்கள், ஆழத்திலிருந்து வரும் மெல்லிய எதிரொலியைத் தூக்கிக் காட்டுவதற்குத்தான் அவை.

கேள்வி: டாப்ளரில் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது. உள்ளே அந்தச் சத்தம்தான் வருகிறதா? – வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: இல்லை, அது மெஷின் நமக்காக உண்டாக்கும் ஒலி. அலையை அனுப்புவதோ வாங்குவதோ நகர்ந்தால் அதன் அதிர்வெண் மாறும் என்பது 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்னது. நகர்கிற பொருளில் பட்டுத் திரும்பும் அலைக்கும் அது பொருந்தும், இதை வைத்து அசைவை அளப்பதுதான் டாப்ளர் ஸ்கேன். ரத்தம் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ப்ரோபை நோக்கி நேராக வந்தால், 5 மெகாஹெர்ட்ஸ் அலையில் சுமார் 3200 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். நம் காது கேட்கும் எல்லைக்குள் அது விழுவதால் அப்படியே ஸ்பீக்கரில் விட்டுவிடுகிறார்கள். ரத்த ஓட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாகப் பிடித்தால் மாற்றமே தெரியாது, அதற்காகத்தான் ப்ரோபைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்கிறார்கள். சிவப்பு, நீலம் என்பது நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று அர்த்தமில்லை. வழக்கமாக வைப்பது, ப்ரோபை நோக்கி வந்தால் சிவப்பு, விலகிப் போனால் நீலம்.

கேள்வி: கர்ப்பிணிகள் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் சட்டப் போர்டு மாட்டியிருக்கிறார்களே, கதிர்வீச்சு ஆபத்து என்பதாலா? – வாசகி, வாழப்பாடி

பதில்: அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சே இல்லை, அது ஒலி. திசுவை லேசாகச் சூடாக்கும், டாப்ளரை ஒரே இடத்தில் வெகுநேரம் பிடித்தால் கொஞ்சம் கூடுதலாக. அதனால் தேவையான நேரத்துக்கு மேல் எடுப்பதில்லை என்பதே மருத்துவ வழக்கம். கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் குழு 1958-ல் இந்த முறையை லேன்செட் மருத்துவ இதழில் வெளியிட்டதிலிருந்து இன்றுவரை தாய்மார்களுக்குப் பயன்பட்டு வருகிறது.

அந்தப் போர்டு 1994-ல் வந்த சட்டத்துக்காக. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் குற்றம். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாவட்டம் நம் சேலம். பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாமல் கொடுத்துவிடுங்கள் என்று அரசே தொட்டில் வைக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் இந்த மெஷினைத் தவறான கேள்விக்குப் பயன்படுத்த யாரும் துணியக்கூடாது. "தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லிடுவார்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

கேள்வி: ஏற்காடு 1500 மீட்டர் உயரம், காற்று மெல்லிசு. இங்கே எடுத்த ஸ்கேனும் கீழே சேலத்தில் எடுத்ததும் வித்தியாசப்படுமா? – நாகலூர் வாசகர்

பதில்: படாது. ஒலி போவது உங்கள் உடம்புக்குள், வெளிக்காற்றில் அல்ல. காற்றிலும்கூட ஒலியின் வேகத்தை மாற்றுவது வெப்பநிலைதானே தவிர அழுத்தம் அல்ல. அளவில் வித்தியாசம் வந்தால் ப்ரோப் பிடித்த கோணம், எடுத்தவரின் கை, சிறுநீர்ப்பை நிறைந்திருந்த அளவு, இவற்றைப் பாருங்கள். மார்கழி காலையில் ஜெல் சில்லென்று இருந்தால் கொஞ்சம் சூடு பண்ணித் தரச் சொல்லிக் கேட்கலாம், படத்துக்கு ஒன்றும் ஆகாது.